சகுராஜிமாவுக்கு எதிர்க்கரையில் வீடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானின் தெற்கே கியூஷு தீவில் இருக்கிறது ககோஷிமா நகரம். ஏறத்தாழ ஆறு லட்சம் பேர் வாழும் ஊர். அதற்கு நேர் எதிரே, நான்கு கிலோமீட்டர் கடலுக்கு அப்பால், 1,117 மீட்டர் உயரத்தில் சகுராஜிமா எரிமலை நிற்கிறது. 1955 முதல் அது முழுசாக ஓய்ந்தது கிடையாது. 2011-இல் மட்டும் 996 வெடிப்புகள் பதிவாயின. வேலைக்கோ படிப்புக்கோ அங்கே குடிபோகிறவர்களுக்கு, அதிலும் நாயோடு போகிறவர்களுக்கு, வரும் கேள்விகள் பெரும்பாலும் சமையலறை, துணிக்கொடி, காலை நடை இவற்றைப் பற்றியவைதாம். அந்த வரிசையிலேயே பதில்கள்.

காலையில் எழுந்ததும் மலை புகைகிறதா என்று பார்க்க வேண்டுமா?

மலையைப் பார்ப்பதைவிடக் காற்றைப் பாருங்கள். மலை எவ்வளவு பெரிதாகப் புகைந்தாலும் காற்று அப்பாலே வீசினால் உங்கள் மாடியில் ஒரு துகள்கூட விழாது. சின்ன வெடிப்புதான், ஆனால் காற்று உங்கள் பக்கம் என்றால் காயப்போட்ட துணியெல்லாம் மறுபடி தோய்க்க வேண்டியதுதான். அதனால்தான் ககோஷிமா தொலைக்காட்சியின் வானிலைச் செய்தியில் மழை, வெயிலோடு "சகுராஜிமாவுக்கு மேலே காற்றுத் திசை" என்று தனியாக ஒன்று சொல்கிறார்கள். வேறு ஊர்களிலிருந்து வருகிறவர்கள் முதலில் வியப்பது இதற்குத்தான்.

தெருவில் மரக்கிளை எந்தப் பக்கம் அசைகிறது என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். சாம்பல் போவது மலையுச்சிக்கும் அதற்கு மேலும் உள்ள காற்றில். தரையில் கடற்காற்று மேற்கே வீசும்போது, மேலே கிழக்கே வீசிக்கொண்டிருக்கலாம்.

பருவக் கணக்கு ஓரளவுக்குக் கைகொடுக்கும். குளிர்காலத்தில் வடமேற்குக் காற்று. சாம்பல் எதிர்ப்புறம் இருக்கும் ஓசுமி தீபகற்பத்துக்கு, தருமிசு பக்கம் போய்விடும். கோடையில் கிழக்குக் காற்று மிகும், அப்போது நகரத்துக்குப் பங்கு வரும். வெயிலும் வியர்வையும் ஜன்னலைத் திறக்கச் சொல்லும் மாதங்களில்தான் சாம்பலும் வந்து சேரும் என்பது ககோஷிமாவின் பெரிய சங்கடம். தெற்கிலிருந்து புயல் நெருங்கும் நாள்களில் கிழக்குக் காற்று இன்னும் வலுக்கும். மழையும் சாம்பலும் கலந்து சேறாகப் பெய்வது அப்போதுதான்.

சாம்பல் முன்னறிவிப்பை எப்படிப் படிப்பது?

ஜப்பான் வானிலை முகமை மூன்று வகையாகத் தருகிறது. முதலாவது, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை வருவது. இனி வெடித்தால் சாம்பல் எந்தப் பக்கம் போகும் என்று அடுத்த 18 மணி நேரத்துக்குச் சொல்லும். துணி காயப்போடுவது, நாயை எத்தனை மணிக்கு அழைத்துப்போவது எல்லாம் இதை வைத்துத்தான். இரண்டாவது, நிஜமாகவே வெடித்த பிறகு 5 முதல் 10 நிமிடத்தில் வரும் அவசர அறிவிப்பு. இது அடுத்த ஒரு மணி நேரத்துக்கானது. மூன்றாவது, வெடித்து 20 முதல் 30 நிமிடத்தில் வரும் விரிவான அறிவிப்பு. ஆறு மணி நேரத்துக்கு, எந்த ஊரில் எவ்வளவு என்று சொல்லும்.

அளவுகள் மூன்றுதான். 0.1 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் "குறைவு". 0.1 முதல் 1 மில்லிமீட்டர் வரை "சற்று அதிகம்". 1 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் "அதிகம்". ஒரு மில்லிமீட்டர் என்றதும் இவ்வளவுதானா என்று தோன்றும். அந்த அளவில் தெருவின் வெள்ளைக்கோடுகள் முழுக்க மறைந்துவிடும். "சற்று அதிகம்" என்றால் முகக்கவசம் இல்லாமல் வெளியே போகாதீர்கள், வண்டியை மெதுவாக ஓட்டுங்கள். "அதிகம்" என்றால் நாய் நடை உட்பட எதற்கும் வெளியே போகாமல் இருப்பதே சரி.

இது சாம்பல்தானே, பாத்திரம் தேய்க்கலாமா? செடிக்குப் போடலாமா?

பெயரால் வரும் குழப்பம் இது. நம் வீட்டு விறகுச் சாம்பல் காரத்தன்மை உள்ளது. எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து லேசாகச் சோப்புபோல வேலை செய்யும். எரிமலைச் சாம்பலில் எரிந்தது எதுவும் இல்லை. பாறைக்குழம்பு வெடித்துச் சிதறிய கண்ணாடித் துண்டுகளும் கனிமத் துணுக்குகளும்தான் அது. உருப்பெருக்கியில் பார்த்தால் ஓரமெல்லாம் கூர். எவர்சில்வரில் தேய்த்தால் கீறும். நான்ஸ்டிக் தவாவில் தேய்த்தால் தவா போச்சு. மேலே கந்தகமும் குளோரினும் சேர்ந்த உப்புகள் படிந்திருப்பதால், ஈரமானால் அமிலமாகிவிடும். ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின் எல்லாம் சீக்கிரம் துருப்பிடிப்பதற்கு அதுதான் காரணம்.

விறகுச் சாம்பலில் கிடைக்கும் பொட்டாஷ் சத்தும் இதில் உடனடியாகக் கிடைக்காது. எரிமலை மண் வளமானது என்பது நூற்றாண்டுக் கணக்கில் உண்மை. நேற்று விழுந்ததை இன்று தொட்டியில் கொட்டினால் மேல்மண் இறுகித் தண்ணீர் இறங்காது. இலைமேல் விழுந்ததைத் தண்ணீர் தெளித்துக் கழுவிவிடுங்கள்.

சமைக்கும்போது ஜன்னலை மூடிவிட்டு எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டால் போதுமா?

போதாது. நிறையப் பேர் செய்யும் தவறு இது. ஃபேன் உள்ளே இருக்கும் காற்றை வெளியே தள்ளுகிறது, சரி. தள்ளிய அளவுக்கு வேறு காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். 2003 ஜூலைக்குப் பிறகு கட்டிய ஜப்பானிய வீடுகளில் 24 மணி நேரக் காற்றோட்ட அமைப்பு சட்டப்படி இருக்கும். அதற்காக அறைச் சுவரில் கையளவு வட்டமான அல்லது சதுரமான திறப்பு வைத்திருப்பார்கள். சமையலறை ஃபேனை உச்சத்தில் ஓட்டினால் அந்தத் துவாரங்கள் வழியாகச் சாம்பல் உறிஞ்சப்பட்டுப் படுக்கையறைக்குள் வந்து விழும்.

எனவே சாம்பல் விழும் நேரத்தில் அந்தத் துவாரங்களை மூடுங்கள், ஃபேனைக் குறைந்த வேகத்தில் வையுங்கள், பொரிப்பதையும் தாளிப்பதையும் தள்ளிப்போடுங்கள். மூடிபோட்டு வேகவைக்கிற சமையல், ரைஸ் குக்கர் இவைதான் அன்றைக்கு. கேஸ் அடுப்பாக இருந்தால் ஃபேனை முழுக்க நிறுத்தாதீர்கள், மூடிய வீட்டில் கார்பன் மோனாக்சைடு சேரும். சாம்பல் நின்றதும் துவாரத்தின் வடிகட்டியைக் கழற்றி வெளியே தட்டி, கழுவி, காயவைத்து மாட்டவும். அதை மறந்தவர்கள்தான் வீட்டுக்குள் எப்படி மணல் வருகிறது என்று மாதக்கணக்கில் தேடுவார்கள்.

கீரையையும் காய்களையும் எப்படிக் கழுவ வேண்டும்?

ஆற்றுமணல் ஒட்டிய கீரையை அலசுகிற அதே முறைதான். அகலமான பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி, கீரையை முக்கி, கையால் அளைந்துவிட்டு, ஒரு நிமிடம் அசையாமல் விடுங்கள். சாம்பல் தண்ணீரைவிடக் கனம், அடியில் தங்கும். அதற்குப் பிறகு கீரையைத் தூக்கி எடுக்க வேண்டும். பாத்திரத்தைக் கவிழ்த்து வடிகட்டினால் அடியில் தங்கியதெல்லாம் மறுபடி கீரைமேலேயே விழும். மூன்று தண்ணீர் மாற்றினால் போதும். கடைசித் தண்ணீரின் அடியை விரலால் தடவிப் பாருங்கள், நறநறப்பு இருந்தால் இன்னொரு முறை.

குழாயடியில் பிடித்துக் கழுவுவது வெங்காயத்தாளுக்கு உதவாது. மடிப்புக்குள் இருப்பது வெளியே வராது. நீளவாக்கில் கீறி விரித்துக் கழுவுங்கள். முட்டைக்கோசுக்கு வெளியிலை இரண்டு மூன்றை எடுத்தால் வேலை முடிந்தது. கழுவிய தண்ணீரைச் சிங்கில் ஊற்றும்போது அடி வண்டலை மட்டும் நிறுத்திக்கொண்டு தனியாகக் கொட்டுங்கள். வளைகுழாயில் அது சிமெண்ட்போல உட்கார்ந்துகொள்ளும்.

வெளியே போக முடியாத நாளில் அந்த ஊர்ச் சமையல் ஏதாவது சொல்லுங்களேன்?

தொன்கொத்சு. பெயரைக் கேட்டதும் ராமென் நூடுல்ஸ் சூப் என்று நினைக்க வேண்டாம். ககோஷிமாவில் அந்தப் பெயருக்குப் பன்றி விலாவை மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது), கருப்பு வெல்லம், ஷோச்சு (காய்ச்சி வடித்த மது) சேர்த்து மெல்ல வேகவைத்த குழம்பு என்று பொருள். நான்கு பேருக்கு அளவு இது: எலும்போடு விலாத்துண்டு 800 கிராம், சர்க்கரைவள்ளிக்கிழங்கு ஷோச்சு 150 மில்லி, தோலோடு நறுக்கிய இஞ்சி 30 கிராம், கருப்பு வெல்லம் 40 கிராம், பார்லி மிசோ 80 கிராம், முள்ளங்கி 400 கிராம், கொன்னியாகு (ஒருவகைக் கிழங்கு மாவில் செய்த, ரப்பர்போன்ற உணவு) ஒரு கட்டி.

1. கொன்னியாகுவைக் கையால் பிய்த்து மூன்று நிமிடம் கொதிக்கவைத்து வடியுங்கள். கத்தியால் வெட்டினால் வழவழப்பான முகத்தில் குழம்பு ஒட்டாது.

2. அடிகனமான பாத்திரத்தில் விலாவை நாலு பக்கமும் சிவக்க வறுத்து, கசிந்த கொழுப்பை வடித்துவிடுங்கள். தீயை நன்றாகக் குறைத்த பிறகே ஷோச்சுவை ஊற்ற வேண்டும். பெருந்தீயில் ஊற்றினால் ஆவி பற்றிக்கொள்ளும். மூடாமல் ஐந்து நிமிடம். ஃபேனை வேகமாக ஓட்ட வேண்டியது இந்த ஒரு கட்டத்துக்கு மட்டும்தான். அவசர அறிவிப்பு வருவதற்கு முன்பே இதை முடித்துவிடுகிறவர் கெட்டிக்காரர்.

3. மூழ்கத் தண்ணீர், இஞ்சி சேர்த்துக் கொதி வந்ததும் சாம்பல் நிற நுரையை எடுத்துவிட்டு, மூடி, சிம்மில் ஒரு மணி நேரம்.

4. வெல்லம், முள்ளங்கி, கொன்னியாகு சேர்த்து 20 நிமிடம். பிறகு மிசோவில் பாதியைக் குழம்பிலேயே கரைத்து ஊற்றி இன்னும் 20 நிமிடம். மீதி மிசோ இறக்குவதற்கு ஐந்து நிமிடம் முன்பு.

தவறு நடப்பது பெரும்பாலும் மிசோவில். எல்லாவற்றையும் தொடக்கத்திலேயே போட்டால் அடிப்பிடிக்கும், மணமும் போய்விடும். வெல்லம் முதலில் போவதற்கும் காரணம் உண்டு. உப்பு முந்திக்கொண்டால் இனிப்பு உள்ளே இறங்குவது தாமதமாகும். பிரஷர் குக்கரில் செய்வதானால் மூன்றாம் கட்டத்தை மட்டும் 20 நிமிடத்தில் முடிக்கலாம். மிசோ போட்டுவிட்டுக் குக்கரை மூடாதீர்கள். பன்றி வேண்டாம் என்பவர்களுக்கு, கோழியும் வேர்க்காய்களும் போட்ட சத்சுமா மிசோ சூப் இருக்கிறது, 40 நிமிட வேலை.

நாய்க்கு இதில் ஒரு துண்டுகூட வேண்டாம். உப்பு அதிகம், வெந்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும். ஷோச்சு ஊற்றும் முன்பே விலாவின் சதையையும் முள்ளங்கியையும் கொஞ்சம் தனியாக எடுத்து, வேறு பாத்திரத்தில் வெறும் தண்ணீரில் வேகவைத்துக் கொடுத்தால் அதுவும் திருப்தியாகும்.

சகுராஜிமா முள்ளங்கியை வாங்கினால் எப்படிச் சமாளிப்பது?

உலகிலேயே பெரிய முள்ளங்கி ரகம் அது. சாதாரணமாகவே ஆறு கிலோ இருக்கும். 2003-இல் விளைந்த ஒன்று 31.1 கிலோ எடையோடு கின்னஸில் ஏறியது. மலையடிவார மண் நுரைக்கல்லும் சாம்பலும் கலந்த பொலபொலப்பான மண். தண்ணீர் தேங்காது, வேர் பருக்க இடம் விடும். கோடை முடியும்போது விதைத்துக் குளிர்காலத்தில் பிடுங்குகிறார்கள். ஜனவரி, பிப்ரவரிதான் பருவம்.

வாங்கி வந்தவுடன் இலையை அறுத்துவிடுங்கள், விட்டால் கிழங்கிலிருந்து நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். இலையைப் பொடியாக நறுக்கி எண்ணெயில் வதக்கினால் தனிப் பொரியல். கிழங்கை நான்காகப் பிளந்து, வெட்டிய முகத்தை மூடி, செய்தித்தாளில் சுற்றிக் குளிர்ந்த இடத்தில் வையுங்கள். சமைக்கும்போது தோலை அரை சென்டிமீட்டர் கனமாகச் சீவ வேண்டும், தோலுக்கு அடியில் நார் இருக்கிறது. மூன்று சென்டிமீட்டர் கனத்துக்கு வெட்டி, அரிசி களைந்த தண்ணீரில் 20 நிமிடம் வேகவைத்து அலசிவிட்டு, பிறகு குழம்பிலோ சூப்பிலோ போடுங்கள். சாதாரண முள்ளங்கிபோல இது சீக்கிரம் கரையாது. இரண்டு மணி நேரம் கொதித்தாலும் ஓரம் உடையாமல் உள்ளே மட்டும் வெண்ணெய்போல் ஆகும். சாம்பாரில் போட்டாலும் நிற்கும்.

எல்லா உணவிலும் சர்க்கரைவள்ளி ஏன்?

அதுவும் எரிமலை போட்ட கணக்குதான். சுமார் 30,000 ஆண்டுகளுக்கு முன் ஐரா என்ற பெரும் எரிமலைவாய் வெடித்தது. இன்றைய ககோஷிமா விரிகுடாவின் வடபகுதியே அந்தப் பள்ளம். சகுராஜிமா அதன் விளிம்பில் பின்னர் முளைத்தது. அப்போது கொட்டிய வெண்ணிறப் படிவம் ஷிராசு என்ற பெயரில் மாகாணத்தின் பெரும்பகுதியை மூடியிருக்கிறது. அதில் தண்ணீர் நிற்காது, நெல்லுக்கு ஆகாது. 1705-இல் மயேதா ரியேமோன் என்பவர் ரியூக்யூவிலிருந்து (இன்றைய ஒகினாவா) சர்க்கரைவள்ளியைக் கொண்டுவந்த பிறகு அந்த மண்ணுக்கு ஏற்ற பயிர் கிடைத்தது. கிழங்கு ஷோச்சுவும் அதன் வழியில் வந்ததே.

துணி, வடாம், வற்றல்?

துணியை வீட்டுக்குள்தான் காயவைக்க வேண்டியிருக்கும். ஈரம் உறிஞ்சும் கருவி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஈரத்துணியில் சாம்பல் விழுந்துவிட்டால் கையால் தட்டாதீர்கள், நூலுக்குள் இறங்கும். நன்றாகக் காயவிட்டு, உதறி, மறுபடி துவையுங்கள். மொட்டைமாடியில் வடாம் பிழியும் ஆசையிருந்தால் வடமேற்குக் காற்று நிலையாக இருக்கும் ஜனவரியில், மேலே மெல்லிய துணி கட்டி முயலலாம். வெயில் பலமில்லாததால் நாள் கூடுதலாகும்.

வாசலில் விழுந்த சாம்பலை என்ன செய்வது?

முதலில் கணக்கைப் பாருங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் விழுந்தால் ஒரு லிட்டர். காய்ந்த நிலையில் அது ஒரு கிலோவுக்கு மேல். 50 சதுர மீட்டர் முற்றம் என்றால் 50 கிலோவைத் தாண்டும். நனைந்தால் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

மழைக்கு முன்பே கூட்டுங்கள். புழுதி கிளம்பாத அளவுக்கு லேசாகத் தண்ணீர் தெளித்து, கட்டை விளக்குமாறால் தள்ளி, முறத்தில் அள்ள வேண்டும். பைப்பைத் திறந்து வடிகாலில் அடித்துவிடுவது குற்றம்போலத்தான். தெருவடிகால் அடைத்துக்கொண்டால் அடுத்த மழையில் முதலில் நனைவது உங்கள் வாசல். கூரை நீர்த்தாரையும் அப்படியே.

சாம்பலுக்கென்று நகராட்சி இலவசமாக மஞ்சள் பைகள் தருகிறது. கொக்குஹாய் பை என்று பெயர். முன்பு "சாம்பல் விழும் பை" என்றிருந்ததை 1991-இல் "சாம்பலை வெல்லும் பை" என்று மாற்றினார்கள். பையில் கொட்டிக் கட்டி, தெருவோரம் பலகை வைத்த சாம்பல் குவியிடத்தில் வைத்தால் எடுத்துப்போவார்கள். வழக்கமான குப்பையோடு வைக்கக் கூடாது, இலை தழையும் கலக்கக் கூடாது. பையை முழுக்க நிரப்பாதீர்கள், தூக்கும்போது அடி பிரியும். பாதி போதும். சாலையைக் கூட்ட நகராட்சி வண்டிகள் தனியே வரும்.

காரின் கண்ணாடியில் படிந்தால்?

காய்ந்த கண்ணாடியில் வைப்பரைப் போட்டால் உப்புத்தாள் தேய்த்த மாதிரி கீறிவிடும். இரண்டு லிட்டர் பாட்டில் ஒன்றில் தண்ணீர் எப்போதும் வண்டியில் இருக்கட்டும். முதலில் ஊற்றி வழித்துவிட்டு, அதற்குப் பிறகு வைப்பர்.

நாயை எப்போது அழைத்துப்போவது? வழியில் சாம்பல் விழத் தொடங்கினால்?

முன்னறிவிப்பில் காற்று மறுபக்கம் இருக்கும் மணிகளில். கோடையில் தார்ச்சாலைச் சூடும் சேர்வதால் விடிவதற்கு முன்போ இருட்டிய பிறகோ என்று நேரம் இன்னும் சுருங்கும். சாம்பல் விழுந்து முடிந்துவிட்டால் ஆபத்தில்லை என்று நினைக்கக் கூடாது. மறுநாள் ஒவ்வொரு வண்டியும் அதைக் கிளப்பிக்கொண்டே போகும். அது பறப்பது முழங்கால் உயரத்தில், அதாவது நாயின் மூக்குக்கு நேரே. வண்டி ஓடும் சாலையை விட்டு, நீர் தெளித்த பூங்காப் பாதையோ கடற்கரை நடைபாதையோ பாருங்கள். பக், புல்டாக் போன்ற சப்பைமூக்கு நாய்களுக்கும் வயதான நாய்களுக்கும் அந்த நாள் நடை வேண்டாம். வீட்டுக்குள் தின்பண்டத்தை ஒளித்துவைத்துத் தேடவிட்டால் பதினைந்து நிமிடத்தில் களைத்துவிடும்.

வழியில் விழத் தொடங்கினால் குடையை விரித்து நேரே திரும்புங்கள். உள்ளூர்க்காரர்கள் வெயிலில் குடை பிடித்துப் போவதன் காரணம் சில நாள்களில் இதுதான். நாய்க்கு மெல்லிய மழைச்சட்டை ஒன்று இருந்தால் முதுகு, வயிறு இரண்டும் தப்பும். தலையையும் காதையும் மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். நாய்க்கு முகக்கவசம் போட முயலாதீர்கள். அது உடல் சூட்டைத் தணிப்பதே வாய் திறந்து மூச்சு வாங்கித்தான்.

திரும்பி வந்ததும் குளிப்பாட்டிவிடலாமா?

நேராகத் தண்ணீர் ஊற்றினால் சாம்பல் குழைந்து, அடிமயிரில் பசையாக அப்பிக்கொள்ளும். வரிசை முக்கியம். வாசலுக்கு வெளியே நிறுத்தி, மென்மையான பிரஷால் மயிர் படிந்த திசையிலேயே தலையிலிருந்து வால்வரை நீவிவிடுங்கள். எதிர்த்திசையில் நீவினால் தோலில் இறங்கும். அடுத்து, பிழிந்த ஈரத்துணியால் ஒரு முறை. பிறகு ஒரு பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர் வைத்து நான்கு கால்களையும் ஒவ்வொன்றாக முக்கி, விரலிடுக்கை விரித்துக் கழுவித் துடைக்க வேண்டும். கால்தான் முக்கியம். நாய் காலை நக்கும், அமில உப்பும் கண்ணாடித்தூளும் வாய்க்குள் போகும். விரலிடுக்கில் தங்கினால் உராய்ந்து புண்ணாகும்.

கண்ணைத் துடைக்கவே கூடாது. மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புநீரை மூக்கோரக் கண்முனையில் சொட்டவிட்டு, தானாக வழிந்து வரட்டும். இரண்டு மூன்று மணி நேரத்துக்குப் பிறகும் ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டே இருந்தால், கருவிழியில் கீறல் இருக்கலாம், கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். வெளியே வைத்திருந்த தண்ணீர்க் கிண்ணத்தைக் கொட்டிக் கழுவிவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள்.

வெடிச்சத்தத்துக்கு நாய் மிரளாதா?

சத்தத்தைவிடக் காற்றழுத்த அதிர்வுதான் மிரட்டும். குஷின் என்பார்கள். ஜன்னல் கண்ணாடி கடகடவென்று ஆடும், சில சமயம் சத்தமே கேட்காது. ஆடும் சட்டத்தில் ரப்பர் பட்டை ஒட்டினால் பாதி பிரச்சினை தீரும், ஏனெனில் நாயைப் பயமுறுத்துவது பெரும்பாலும் அந்தக் கடகடப்பே. புதிதாக வந்த நாயை முதல் சில மாதங்கள் கழுத்துப்பட்டையை மட்டும் நம்பி வெளியே கூட்டிப்போக வேண்டாம். ஹார்னஸ், பட்டை இரண்டிலும் கயிறு மாட்டுங்கள். பின்வாங்கித் தலையை உருவிக்கொண்டு ஓடுவது ஒரு நொடி வேலை.

சகுராஜிமாத் தீவுக்கே நாயோடு போய் நடக்கலாமா?

போகலாம். படகில் சுமார் 15 நிமிடம். இறங்கினதும் தொடங்கும் எரிமலைக்குழம்புக் கரைப்பாதை மூன்று கிலோமீட்டர். 1914-இல் ஓடி உறைந்த பாறைமேல் போட்டது. அந்தப் பாதை போய்ச் சேரும் கராசுஜிமா ஒரு காலத்தில் கரையிலிருந்து 500 மீட்டர் தள்ளியிருந்த குட்டித் தீவு, குழம்புக்குள் புதைந்து போய்விட்டது. பாதையை விட்டு இறங்கவிடாதீர்கள், பாறையோரம் உள்ளங்காலைக் கிழிக்கும். சாலையோரம் ஆங்காங்கே கான்கிரீட் பதுங்குகூடுகள் இருக்கின்றன. கல் விழுந்தால் ஒதுங்குவதற்கு. அடுத்த கூடு எங்கே என்று பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும். பள்ளிப்பிள்ளைகள் தலைக்கவசம் போட்டுக்கொண்டு போகும் ஊர் அது.

எச்சரிக்கை நிலை 3 என்று போட்டிருக்கிறதே, வெளியேற வேண்டாமா?

சகுராஜிமாவுக்கு 3 என்பது பெரும்பாலும் வழக்கமான நிலை. மினாமிதாகே, ஷோவா என்ற இரு எரிமலைவாய்களிலிருந்து ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டருக்குள் யாரும் போகக் கூடாது என்று அதற்குப் பொருள். 4 என்றால் முதியோரும் உதவி தேவைப்படுவோரும் கிளம்ப வேண்டும். 5 என்றால் குறிப்பிட்ட பகுதியில் எல்லோரும். 2022 ஜூலை 24 இரவு கற்கள் சுமார் 2.5 கிலோமீட்டர் பறந்தபோது முதன்முறையாக 5 அறிவித்தார்கள். தீவின் அரிமுரா, ஃபுருசாதோ பகுதி மக்கள் வெளியேறினார்கள். ஜூலை 27-இல் மறுபடி 3. நகரத்தில் அன்றும் வாழ்க்கை நடந்துகொண்டுதான் இருந்தது.

நாயோடு கிளம்ப ஒரு பை தயாராக இருக்கட்டும். ஐந்து நாளுக்குக் குறையாமல், முடிந்தால் ஏழு நாளுக்கு, உணவும் தண்ணீரும். மருந்து, தடுப்பூசிச் சான்று, உங்களோடு நாய் நிற்கும் புகைப்படம், மடக்குக் கூண்டு. ஜப்பானில் நாயோடு சேர்ந்து வெளியேறுங்கள் என்றுதான் அரசே சொல்கிறது. ஆனால் முகாமில் ஒரே அறையில் தங்கலாம் என்று அதற்குப் பொருளில்லை, நாய்களுக்குத் தனியிடம் ஒதுக்குவார்கள். கூண்டுக்குள் படுத்துத் தூங்கும் பழக்கத்தை இன்றே வீட்டில் தொடங்கிவிடுங்கள். அது இல்லாத நாய்தான் முகாமில் இரவெல்லாம் குரைக்கும்.

1914 மாதிரி மறுபடி நடந்தால்?

1914 ஜனவரி 12. கிணறுகள் கொதித்தன, நிலம் நாள் முழுக்க நடுங்கியது. தீவு மக்களில் பலர் தாங்களாகவே படகேறினார்கள். வானிலை நிலையத்தைக் கேட்டதற்கு வெடிக்காது என்று பதில் வந்தது, அதை நம்பி இருந்தவர்களும் உண்டு. நிலநடுக்கத்தையும் சேர்த்து 58 பேர் இறந்தார்கள். குழம்பு கடலிடுக்கை நிரப்பி, தீவை ஓசுமி தீபகற்பத்தோடு ஒட்டிவிட்டது. குரோகாமி ஊரில் மூன்று மீட்டர் உயரக் கோயில் வாசல் ஒரு மீட்டர் மட்டும் வெளியே தெரிய இன்றும் புதைந்து நிற்கிறது. பத்தாண்டு கழித்து நாட்டிய நினைவுக்கல் ஒன்று, கணிப்பை நம்பிக் காத்திராமல் மாறுதல் தெரிந்தால் கிளம்புங்கள் என்று சொல்கிறது.

அன்று காலியான அடியறையில் பாறைக்குழம்பு மறுபடி சேர்ந்துகொண்டிருப்பதைக் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் சகுராஜிமா ஆய்வகம் நிலத்தின் உப்பலை அளந்து கவனிக்கிறது. கோடைக் காற்றில் அப்படி வெடித்தால் நகரத்துக்கு முக்கியப் பிரச்சினை சாம்பல்தான். ஃபூஜி மலைக்காக அரசு வகுத்த அளவுகள் இங்கேயும் கைகொடுக்கும். மழையோடு 3 சென்டிமீட்டர் படிந்தால் சாதாரணக் கார் ஓடாது. காய்ந்திருந்தால் 10. மழையில் 0.3 சென்டிமீட்டரிலேயே மின்தடை வரலாம், ஈரச் சாம்பல் மின்சாரத்தைக் கடத்தும். 30 சென்டிமீட்டர் ஈரத்தில் மரவீடு தாங்காமல் போகலாம். எனவே போக வேண்டுமானால் விழுவதற்கு முன்பே போக வேண்டும். இல்லையென்றால் ஒரு வாரத் தண்ணீர், அடுப்பில்லாமல் சாப்பிடக்கூடிய உணவு, கையடுப்புக்கு கேஸ் டப்பா இவற்றோடு வீட்டுக்குள் இருக்க வேண்டும்.

கான்டாக்ட் லென்ஸ்?

சாம்பல் நாளில் கழற்றிவிட்டுக் கண்ணாடி போடுங்கள். அதையும் துடைக்காமல் தண்ணீரில் கழுவுங்கள்.

நாய் சாம்பல்மேலேயே மலம் கழித்துவிட்டால் எந்தப் பையில் போடுவது?

மஞ்சள் பையில் போடக் கூடாது, அதில் சாம்பல் மட்டும்தான். ஒட்டிய சாம்பலோடு சேர்த்துச் சுரண்டி எடுத்து நாய்ப் பையில் கட்டி, வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒட்டியதைத் தட்டிவிட்டு, நகராட்சி சொல்லும் முறையில் அப்புறப்படுத்துங்கள். கழிப்பறையில் போடுவதானால் சாம்பல் ஒட்டாதது மட்டும். சிறுநீருக்கு ஊற்றக் கொண்டுபோகும் தண்ணீரைச் சாம்பல் கனமாகக் கிடக்கும் இடத்தில் ஊற்றாதீர்கள், வழுக்கும்.